ஆஞ்சலாவின் சோல்ஃபா

எங்கள் பாடற்குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்குரல் வரிசையில் நிற்பவள் ஆஞ்சலா. நான் அவளுக்குப் பின்னால், ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசை. பிரேசர் டவுனில் எங்கள் கோயிலின் மாடியில், ஆர்கனுக்கு இடப்பக்கம் நின்று வருஷக்கணக்காக அவள் கொண்டையைப் பார்த்துத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அவளுக்கு வேலை தொம்மலூரில். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அனுப்புகிற விவரங்களை வாங்கி, அவற்றைக் கடிதங்களாகவும் பாலிசிப் பத்திரங்களாகவும் மாற்றிக் கொடுக்கும் ஓர் அலுவலகம். விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் என்கிற வடிவத்தில் வந்து சேரும். இது பெயர், இது பிறந்த தேதி, இது முகவரி என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். காகிதத்தில் அது எப்படித் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. அதைச் சொல்வது ஸ்டைல் ஷீட் என்கிற வேறொரு கோப்பு. ஒரே விவரத்தை ஒரு ஷீட் வழியாக அனுப்பினால் கன்னடக் கடிதமாக வரும். இன்னொன்றின் வழியாக அனுப்பினால் தமிழ்க் கடிதம். இதை ஓயாமல் செய்துகொண்டிருக்க சேவை என்கிற ஒரு புரோகிராம் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். என்ன வந்தால் எந்த ஷீட்டை எடுக்க வேண்டும், மாற்றியதை எங்கே வைக்க வேண்டும் என்று அந்தச் சேவைக்குச் சொல்லி வைப்பது ஆஞ்சலாவின் பொறுப்பு.

பி.காம். படித்துவிட்டுக் கடிதங்களில் எழுத்துப்பிழை பார்க்கத்தான் அங்கே சேர்ந்தாள். பிழை ஒரு கடிதத்தில் இல்லை, கடிதத்தைச் செய்கிற ஷீட்டில் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அதைத் திறந்து பார்த்தாளாம். அன்றிலிருந்து அதை விடவில்லை. கூட இருந்தவர்கள் புதுப்புது வேலைகளுக்குத் தாவினார்கள். இவளுக்கு இதிலேயே ருசி. பங்கு மக்கள் எல்லாரும் நந்தி மலைக்குச் சுற்றுலா போனபோது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக ஸ்டைல் ஷீட் பற்றி மலையடிவாரம் வரைக்கும் கேட்டவன் நான். அலுப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பிடித்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் அப்படி இருக்கும்.

எங்கள் குழுவின் தலைவர் ரெமிஜியஸ். மாஸ்க் ரோடு பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் லேப்டாப்பில் பாட்டுக்கு இசையமைப்பார். ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கிற மேல்நாட்டு முறையில் அந்த மென்பொருள் அவருக்கு அழகாக அச்சடித்துக் கொடுக்கும். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசைக்காரர்கள் எல்லாரும் சோல்ஃபா பார்த்துப் பாடுகிறவர்கள். அதாவது டோ, ரே, மி என்ற சுரங்களின் முதல் எழுத்தை வரிசையாக எழுதி, இடையில் தாளத்துக்குப் புள்ளியும் கோடும் போடும் முறை. ரெமிஜியஸின் தாள்களை சோல்ஃபாவாக மாற்றிக் கையால் எழுதித் தந்துகொண்டிருந்தவர் வெளிநாட்டில் மகளோடு இருக்கப் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பாடற்குழுவில் சேர்ந்து குஷியாக இருக்கிறார் என்று போட்டோ வந்தது. இங்கே பேஸ் வரிசை திருதிருவென்று விழித்தது.

பங்குத் திருவிழாவுக்கு ரெமிஜியஸ் புதிதாக ஒரு பாட்டு அமைத்திருந்த சமயம் அது. அதன் கோப்பைக் குழுவின் வாட்ஸப்பில் போட்டு, யாருக்காவது இதை மாற்ற வழி தெரியுமா என்று கேட்டிருந்தார். நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆஞ்சலா அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டே, சும்மா என்ன இருக்கிறது பார்ப்போம் என்று அதை எழுத்தாகத் திறந்தாளாம். உள்ளே முழுக்க எக்ஸ்எம்எல். ஒவ்வொரு சுரத்தின் மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. இது ஜி, இது நாலாவது ஸ்தாயி, இதன் நீளம் இரண்டு, இதன் கீழே வருகிற வார்த்தை 'மகிழ்'. தினமும் பாலிசிக்காரர்களின் பெயரையும் முகவரியையும் பார்க்கிற அதே உருவத்தில் தான் பாடப்போகிற பாட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

அவர் மஞ்சுநாத். அலுவலகத்தில் அவள் குழுவுக்குத் தலைவர், மைசூர்ப் பக்கத்துக்காரர், நம் தமிழ் நன்றாகவே பேசுவார். விஷயத்தைச் சொல்லி, நம் சேவையில் இதை ஓட்டலாமா என்று ஆஞ்சலா கேட்டாள்.

"ஆபீஸ் சர்வர் பேடா மேடம், வேணாம். ஆடிட்ல மாட்டிக்குவோம்" என்றார் மஞ்சுநாத். திரையில் இருந்ததை மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல பழைய லேப்டாப் ஏதாச்சும் இருக்கா? அதே சர்வீஸ் இலவசமாவே கிடைக்குது. சனிக்கிழமை நான் வரேன்" என்றார்.

அவர் வருவார் என்று அவள் நம்பவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை, கோல்ஸ் பார்க்குக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்கு அவர் மனைவி செய்த சிரோட்டி இனிப்போடு வந்து நின்றார். இருவரும் உட்கார்ந்து சேவையை நிறுவினார்கள். சாப்பாட்டு வேளைக்குள் அது எழுந்து ஓடத் தொடங்கியது. ரெமிஜியஸ் கடையிலிருந்தே கோப்பை அனுப்பலாம். எந்தக் குரல் என்று சொன்னால் அந்தக் குரலுக்குரிய தாள் திரும்பி வரும். சேவைக்கு வழி சொல்லி வைப்பது ஆஞ்சலாவுக்குக் கைவந்த வேலை. ஷீட்டை எழுதுவதுதான் பெரிய பாடாக இருந்தது. சோல்ஃபாவில் 'டோ' ஓரிடத்தில் நிற்காது. பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை முதலில் மறந்துவிட்டாள். வந்த தாளைப் பாடிப் பார்த்தபோது திருவிழாப் பாட்டு ஒப்பாரி மாதிரிக் கேட்டதாம். மஞ்சுநாத்துக்கு இந்த இசை தெரியாது. ஆனாலும் அவர், "மேடம், இது சந்தோஷமான பாட்டுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது ஆஞ்சலாவுக்கு இன்றைக்கும் கண்ணில் நீர் வருகிறது, சிரித்துச் சிரித்து.

அதைத் திருத்தினாள். பிறகு இன்னொன்று விட்டுப்போயிருந்தது தெரிந்தது. சுரம் கீழ் ஸ்தாயியில் இருந்தால் எழுத்தின் காலடியில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். பேஸ்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது. அதையும் சேர்த்து, சேவை வழியாக அனுப்பாமல் ஷீட்டை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் ரெமிஜியஸுக்கு போன் செய்து தாராளமாக அச்சடித்துக்கொள்ளச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒத்திகை. தாள்கள் கைமாறின. பேஸ் வரிசையில் முதலில் நிற்பவர் இன்னாசி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். புதுத் தாளைப் பார்த்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். முதல் வரி அருமையாகப் போயிற்று. இரண்டாவது வரியில் மற்றவர்களெல்லாம் மேலே நிற்க, பேஸ் அடியில் இறங்கித் தாங்க வேண்டும். அவர்கள் இறங்கவில்லை. ஏறினார்கள். இன்னாசியின் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் இருந்தவர் நுனிக்காலில் நின்றார். டெனர்களான எங்களையும் தாண்டிப் பேஸ் வரிசை மேலே போவதைப் பார்த்து உச்சக் குரல் பாடும் சோப்ரானோ பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் யாராலும் பாட முடியவில்லை. ரெமிஜியஸ் ஆர்கன் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆஞ்சலா இன்னாசியின் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்தின் காலடியில் ஒரு கோட்டையும் காணோம். ஒரு நிமிஷம் யோசித்தவள் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். அலுவலகத்தில் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் போகும். ஒவ்வொன்றுக்கும் ஷீட்டைப் புதிதாகப் படித்துக்கொண்டிருந்தால் நேரமாகும். அதனால் ஒரு தடவை படித்ததை நினைவில் வைத்துக்கொள் என்று சேவைக்குச் சொல்லி வைப்பது வழக்கம். கைப்பழக்கத்தில் வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள். அவள் ஷீட்டைத் திருத்திய பிறகும், சேவை தன் நினைவிலிருந்த பழையதைக் கொண்டே ரெமிஜியஸுக்குத் தாள் செய்து கொடுத்திருக்கிறது. அன்று மத்தியானமே அமைப்பில் ஒரு வரியை மாற்றினாள்: ஷீட் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு எடு. அடுத்த ஒத்திகையில் பேஸ்காரர்கள் தங்கள் கிணற்றுக்குத் திரும்பினார்கள். ஆனால் ரெமிஜியஸுக்கு அந்த ஏற்றம் மனசில் நின்றுவிட்டது. கடைசி அல்லேலூயாவில் மட்டும் பேஸை மேலே ஏறச் சொல்லி எழுதிவிட்டார். இன்னாசி முறைத்தார், ஆனால் ஏறினார்.

அந்த ஒத்திகை முடிந்து எல்லாரும் படியிறங்கிக்கொண்டிருந்தபோது சின்னத்தாயி அக்கா ஆஞ்சலாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் ஆல்டோவில் ஆஞ்சலாவுக்குப் பக்கத்தில் நிற்பவர். நீலசந்திராவில் வீடு, அங்கேயே ஒரு பள்ளியில் ஆயா. குரல் தேன். கோடும் புள்ளியும் தெரியாது. சோல்ஃபாவும் இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதால் பழக்கமில்லை. தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். எந்தப் பாட்டையும் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டுதான் பாடுவார். பின்னால் நிற்பதால் எனக்குத் தெரியும், அவர் ஒவ்வொரு வரியிலும் அரை மூச்சு தாமதமாகத்தான் சேருவார். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

"ஏம்மா, அந்த மிஷினு தமிழ்ல எழுதாதா?" என்று கேட்டார்.

ஆஞ்சலாவுக்குச் சுருக்கென்றது. கன்னடக் கடிதம், தமிழ்க் கடிதம், இந்திக் கடிதம் என்று தினமும் பிரித்துப் பிரித்து அனுப்புகிறவள். பக்கத்தில் நிற்கிறவருக்கு அதையே செய்யலாம் என்று தோன்றவில்லையே என்று என்னிடம் சொன்னாள். அக்காவிடம் சொன்னது ஒரே வார்த்தை. "எழுதும்க்கா."

பாட்டின் கோப்பை அவள் தொடவே இல்லை. இன்னொரு ஷீட் மட்டும் எழுதினாள். டோவுக்கு ட, ரேக்கு ர, மிக்கு ம, இப்படி. கீழ் ஸ்தாயிக் கோடு எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு எழுத்து மாதிரித் தெரிந்ததால் கொஞ்சம் இறக்கிப் போட்டாள். கீழே பாட்டின் வார்த்தைகள் அசை அசையாக, ஒவ்வொன்றும் தன் சுரத்துக்கு நேராக. சேவையிடம் 'தமிழ் ஆல்டோ' என்று ஒரு புது வழியைச் சொல்லி வைத்தாள். அந்த வழியில் முதலாவதாக, சோதனைக்காக, சின்னத்தாயி அக்காவின் தாள் வந்தது.

அதை வாங்கி அக்கா பாடவில்லை. மாடியின் மூலையில் போய் உட்கார்ந்து விரலை வைத்துக்கொண்டு உதட்டசைவில் ஒரு முறை போய் வந்தார். பிறகு எழுந்து தன் இடத்துக்கு வந்தார்.

"இவ்ளோ நாளும் உன் வாயப் பாத்துதாம்மா பாடினேன்" என்றார். "இனிமே ரெமி கையப் பாத்துப் பாடறேன்."

ஆஞ்சலா அவர் தோளைத் தன் தோளால் இடித்தாள்.

திருவிழா ஞாயிறன்று காலைப் பூசையில் கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். மஞ்சுநாத் மனைவி மமதாவோடு வந்து தூண் ஓரமாக நின்றிருந்தார். காணிக்கை நேரத்தில் பாட்டு தொடங்கியது. மூன்றாவது சரணம் ஆல்டோவில் ஆரம்பிக்கும். ரெமிஜியஸ் கையைத் தூக்கினார். ஆஞ்சலா அந்த நேரம் பார்த்துக் கீழே கூட்டத்தையோ எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு குரல் மட்டும் துல்லியமாக, அரை மூச்சுகூடத் தாமதம் இல்லாமல் எழுந்தது. சின்னத்தாயி அக்காவுடையது. மற்ற ஆல்டோக்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கடைசி அல்லேலூயாவில் பேஸ் வரிசை மேலே ஏறியபோது, முன்வரிசையில் இருந்த குழந்தைகள் திரும்பி மாடியைப் பார்த்தார்கள்.

பிறகு ஹாலில் பிரியாணி. மஞ்சுநாத்துக்குக் காய்கறிப் பிரியாணி தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். பேஸ்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தட்டில் பச்சடியை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சேவையைப் பற்றி அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மமதா மட்டும் ஆஞ்சலாவிடம், வீட்டில் அவர் இப்போது இந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார், அதுவும் பேஸ் பகுதியை மட்டும் என்று சொன்னார்.

இப்போது நீலசந்திராவிலிருந்து ஒரு குழு தமிழ் சோல்ஃபா கேட்டு வாங்கிப் போகிறது. வேறு ஒரு கோயிலுக்குத் தெலுங்கு எழுத்தில் வேண்டுமாம். அதற்கான ஷீட் பாதியில் நிற்கிறது. அந்த எழுத்தைச் சரிபார்க்க ஒருவரை ஆஞ்சலா தேடிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுப் பக்கம் போனால் லேப்டாப் மேசை மேல் இருக்கும். அவள் ஒரு வரியைப் பாடிப் பார்த்துவிட்டு எதையோ தட்டிக்கொண்டிருப்பாள்.

போன வாரம் ரெமிஜியஸ் ஒரு புதுப் பாட்டு அனுப்பினார். நடுவில் சுருதி மாறுகிற பாட்டு. சேவை முதல் பக்கத்தைச் சரியாகச் செய்து, சுருதி மாறுகிற இடத்தில் தடுமாறி, மீதியை வெறும் கோடுகளாகக் கொட்டிவிட்டது. அவள் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, இந்த வாரம் முழுக்கத் தனக்கு வேலை இருக்கிறது, யாரும் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். முடிவில் சிரிப்புப் பொம்மைகள் மட்டும் ஒரு வரிக்கு.