வலது காலுக்குக் கேட்ட களிம்பு

யுத்த காலத்தில் தாராவி மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தேன். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் ஒருவர் அங்கே வருவார். நெட்டையான ஆள். இரண்டு பாதமும் தீயாக எரியும் என்பார். எது கேட்கிறதென்று பார்க்க, காலுக்கு ஒரு களிம்பாக வாங்கிப் போவார்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வலது காலுல எரிச்சல் சுத்தமா நின்னுட்டு தம்பி. அதையே இடது காலுக்கும் தாங்க."

அவர் ஏறிவந்த படியில் ரத்தம் இருந்தது.

"அண்ணாச்சி, காலுல என்னமோ குத்தியிருக்கு."

அவர் இடது காலைத் தூக்கிப் பார்த்தார்.

தோலைப் பலகையில் இழுத்து அடிக்கிற ஆணி, வலது உள்ளங்காலில் முழுக்க ஏறியிருந்தது. நானே குனிந்து பிடுங்கினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. களிம்புக்காக நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தக் கையில் எதை வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.