மீனோடு ஒரு கிளாஸ் முஸ்காதே

நான் வேலை செய்யும் மீன்கடையில் யாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பேரமும் பேசுவதில்லை. மீனை எடைபோட்டுக் காகிதத்தில் சுற்றும்போது, "இதோடு என்ன குடிக்கலாம், மதாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணமாகி பிரான்சின் நாந்த் நகரத்துக்கு வந்த புதிதில், ஒரு பெரியவர் முதன்முதலாக இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. "நான் குடிப்பதில்லை" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவர் பதறிப்போனார். "உங்களுக்கில்லை மதாம், எனக்குத்தான்" என்றார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் போய் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். அரிவாள்மனை அவள் காலடியிலேயே இருக்கும்.

கடைக்காரி மதாம் ஓடில் அன்று மதியமே ஒரு கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முஸ்காதே என்று அந்தப் பக்கத்து வெள்ளை ஒயின். தண்ணீரில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்ட நிறம், கிளாஸ் வேர்க்கும் அளவுக்குச் சில்லிப்பு. கூடவே ஒரு பச்சைச் சிப்பியும் தந்தார். சிப்பியை விழுங்கி ஒரு வாய் குடித்தேன். புளிப்பு நாக்கின் ஓரத்தைத் தொட்டது, பின்னாலேயே லேசாக ஓர் உப்பு வந்தது, அவ்வளவுதான், வாய் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. எரியவில்லை. குமட்டவில்லை. எனக்கு அதுதான் அதிர்ச்சி. பிறகு கேட்பவர்களுக்குச் சொல்லப் பழகிக்கொண்டேன்: வேகவைத்த மட்டிக்கு நல்லது, வறுத்த சின்ன மீனுக்கு நல்லது, ஆட்டுப்பால் சீஸுக்கும் சரிவரும். வீட்டிலும் சோதித்தேன். புளிக்குழம்பிடமும் மிளகாய்த்தூளிடமும் இந்த ஒயின் வாயே திறக்காது. மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வறுத்து எலுமிச்சை பிழிந்த நெத்திலியோ, காரம் குறைத்த சுறாப்புட்டோ என்றால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் என் கணவரும் ஆளுக்கொரு கிளாஸ் என்பது வழக்கமாயிற்று. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்றால், அப்பா. புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் எங்கள் வீடு. அப்பா மில்லில் வேலை பார்த்தவர்; மில் மூடியதும் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குப் போனார். எங்கள் ஊரில் பிராந்திக்கடைக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நியூஸ் பேப்பரில் சுற்றிய பாட்டில் வேட்டி மடிப்பில் வரும். நடு வீட்டுக்குள் வராமலே, கிணற்றடியில் நின்றபடி மடமடவென்று காலியாகும். தொட்டுக்கொள்ள ஓர் ஊறுகாய்ப் பொட்டலம். அதற்குப் பிறகு சோற்றைத் தொட மாட்டார். நாந்தில் ஒயின் சாப்பாட்டுக்குத் துணையாக வருகிறது; எங்கள் வீட்டில் சாப்பாட்டைத் துரத்திவிட்டு வந்தது. அவர் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபின், "இனிமே இந்த வாசப்படிய ஒரு பாட்டில் தாண்டக்கூடாது" என்று அம்மா சொன்னாள். தாண்டவும் இல்லை, போன லீவுக்கு நான் போகும்வரை.

அம்மாவுக்கு என்று மதாம் ஓடில்தான் ஒரு முஸ்காதே கொடுத்தார், ரிப்பன் கட்டிய பையில். மறுக்கத் தெரியாமல் வாங்கினேன். கை தன்பாட்டுக்கு ரிப்பனை அவிழ்த்து, கடையில் கிடந்த பேப்பரை எடுத்து பாட்டிலைச் சுற்றியது. "உடைந்துவிடும் என்று பயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எப்படி விளக்குவது?

சாரம் வீட்டில் பெட்டியை அம்மாதான் திறந்தாள். ரிப்பன் பையோடு இருந்திருந்தால் ஏதோ சென்ட்டு என்று ஓரமாக வைத்திருப்பாள். பேப்பர் சுற்றைத் தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது. பிரிக்காமலே கேட்டாள்.

"யாருக்குடி இது?"

"தவளக்குப்பத்துல ஒரு ஃபிரெண்டுக்குமா."

"என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. நீ குடிக்கிறியா?"

அப்பா இதே கேள்விக்கு ஆயுள் முழுக்க இல்லை என்றே சொன்னார். எனக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. "ஆமாமா. ஞாயித்துக்கெழம மதியானம், மீனோட ஒரு கிளாஸ்" என்றேன்.

அம்மா பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். மதியம் நெத்திலி வறுத்தாள், நான் கேட்டபடி காரமில்லாமல். தட்டை என் முன்னால் வைத்தாள். பாட்டிலையும் எவர்சில்வர் டம்ளரையும் பக்கத்தில் வைத்தாள்.

"குடி. ஒளிஞ்சி குடிச்ச ஆளோட இத்தினி வருசம் ஓட்டிட்டேன். நீ என் எதிர்ல குடி, நான் பாக்கணும்."

"வேணாம்மா."

"அந்த ரத்தம்தான்டி உன் ஒடம்புலயும் ஓடுது. அதான் பாக்கணும்ன்றேன்."

குடித்தேன். நெத்திலி மொறுமொறுவென்று இருந்தது, ஒயினும் அதே ஒயின்தான். ஆனாலும் மருந்துபோல மடக்கு மடக்காகத்தான் குடித்தேன். அம்மா டம்ளரைப் பார்க்கவில்லை. என் கண் சிவக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. என் ரத்தத்தைப் பற்றி எனக்கும் அந்தப் பயம் உண்டு. கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. டம்ளர் காலியானதும் மூடியைத் திருகினேன்.

"மீதி?"

"வெச்சிடலாம்மா. போதும்."

அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மீதியிருந்த பாட்டிலை அவள் கண்டதேயில்லை. பீரோ கண்ணாடியில் இருந்த என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து, ஒயின் நிற்கும் மட்டத்தில் பாட்டில்மேல் ஒட்டினாள். தினமும் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுக்கும்முன் பொட்டைப் பார்ப்பாள். நான் விமானம் ஏறும் நாள்வரை ஒயின் பொட்டுக்குக் கீழே இறங்கவில்லை. "கெட்டுப் போயிருக்கும், கொட்டிடு" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

போன ஞாயிறு, சாப்பிடும் நேரத்தில் அம்மா வீடியோவில் வந்தாள். அவள் கூப்பிடும்போது மட்டும்தான் நான் இங்கே பொட்டு வைத்துக்கொள்கிறேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே? எங்க, பாட்டிலக் காட்டு."

காட்டினேன். "பொட்டு?" என்றாள். நெற்றியில் இருந்ததை எடுத்து, மட்டம் பார்த்து பாட்டிலில் ஒட்டினேன்.

"சனியனே, நெத்தியில இருக்கறதையா எடுப்ப? வேற ஒண்ணு வெய்யிடி!"

"வெக்கிறேம்மா" என்றேன். அட்டையில் அதுதான் கடைசி. ஃபோனின் மூலையில் தெரிந்த என் சின்னப் படத்தில் பாட்டில் பொட்டோடு எங்கள் ஊர்ப் பெண்ணாக நின்றது. பக்கத்தில் வெறும் நெற்றியோடு ஒரு மதாம் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.