வேர்ப்புழு பார்த்த வருஷங்கள்

கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தேடுவதுதான் எனக்குச் சர்க்கார் கொடுத்த உத்தியோகம். கண்ணுக்கு எட்டாத பெண்டாட்டியை நினைத்து ஏங்கியது நானாக எடுத்துக்கொண்ட வேலை.

வேலை ஓர் ஊர், வீடு ஓர் ஊர் என்று லோல்படுகிற அன்பர்களே, உங்களிடம் சொன்னால்தான் புரியும். ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிரிந்திருந்த சமயம். திருப்பதியில் ஒரு விவசாயச் சோதனைச்சாலையில் நான் உதவியாள். பயிரின் வேருக்குள் புகுந்து அதை முடிச்சுமுடிச்சாக வீங்க வைக்கிற நூல்புழு ஒன்று உண்டு. அது மண்ணில் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி கன்னியம்மா திருத்தணிப் பக்கத்து ஊரில் எங்கள் கத்திரித் தோட்டத்தையும், படுக்கையில் கிடந்த என் நைனாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள் நாங்கள் ஒன்றாக இருந்ததில்லை. திருத்தணியும் அப்போது ஆந்திராவில்தான் இருந்தது; அங்கே மாற்றல் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாவுச் சல்லடை

பலமனேரிலிருந்து ஒரு தக்காளிக்காரர் மலை இறங்கி வந்தார். பை நிறைய மண். மூன்று நாள் வெயிலில் காய வைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கல், வேர் ஒன்றுமில்லாமல் திருநீறு மாதிரி கொண்டுவந்திருந்தார். சத்து பார்க்கிற மண்ணை அப்படிக் கொடுத்தால் நாங்களே கும்பிடுவோம். புழு பார்க்கிற மண்ணுக்கு ஈரம் இருக்க வேண்டும், வேரும் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் புழு செத்துக் கிடக்கும். நாங்கள் ‘புழு இல்லை’ என்று எழுதுவோம், அவரும் நம்பி அதே மண்ணில் மறுபடி நட்டு நாசமாவார்.

இன்னொரு நடை ஈர மண்ணோடு வரச் சொன்னேன். மனுஷன் பையின் வாயைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்: “சர்க்காருக்குக் குடுக்கறதாச்சேன்னு சுத்தம் பண்ணிக் கொண்டாந்தேன் சாமி. அழுக்காதான் குடுக்கணும்னு தெரிஞ்சிருந்தா என் பொண்டாட்டிக்கு இடுப்பு நோவாச்சும் மிச்சமாயிருக்கும்.”

நல்ல முடிச்சு, கெட்ட முடிச்சு

குடிபாலாக்காரர் ஒருவர் கத்திரிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். வேரெல்லாம் முடிச்சு. எனக்குப் பகீரென்றது. அவருக்கோ பெருமை தாங்கவில்லை. விஷயம் என்னவென்றால், போன வருஷம் எங்கள் ஆள் ஒருவர் அந்த ஊருக்குப் போய், வேர்க்கடலை வேரில் முடிச்சு இருந்தால் நல்லது, அது மண்ணுக்கு உரம் சேர்க்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதில் தப்பில்லை. இவர் கத்திரியிலும் அதே அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைத்து, முடிச்சு விழுந்த செடிக்கெல்லாம் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

இது வேறு முடிச்சு, புழு கட்டியது, செடியைப் பிடுங்கிக் கொளுத்துங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. “கடலைக்கு வந்தா நல்லது, கத்திரிக்கு வந்தா கெட்டதுன்றீங்க. மொத்தத்துல உங்க சர்க்காருக்கு ஒரே பேச்சு கிடையாதா?”

வாழையிலைப் பொட்டலம்

கன்னியம்மாவும் மண் அனுப்புவாள். திருமலைக்கு மொட்டை போட ரயிலேறுகிற எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது, ஈரம் போகாமல் வாழையிலையில் கட்டிக் கொடுத்துவிடுவாள். ஒரு தோட்டத்து மண்ணை மாதம் இரண்டு முறை பார்க்கத் தேவையே இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பொட்டலத்தைப் பிரித்ததும் யாரும் பார்க்காதபோது ஒரு தரம் முகர்ந்து பார்ப்பேன். அவள் கை பட்ட மண், அன்பர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிடும்.

ஒருமுறை இரண்டு பொட்டலம் வந்தது. ஒன்றில் புழு நெளிகிறது, மற்றதில் தேடினாலும் இல்லை. கூடவே ஒரு சீட்டு: பந்திப்பூச் செடி, அதுதான் துலுக்கச் சாமந்தி, நட்ட வரிசையில் கத்திரி வேர் சுத்தமாக இருக்கிறது, ஏனென்று பார்த்துச் சொல்லவும். எங்கள் ஆபீசர் துள்ளிவிட்டார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், அவர் தமிழில் பாதி தெலுங்குதான். பதிவேட்டில் நைனா பெயரைத்தான் எழுதியிருந்தேன், அதனால் அது என் வீட்டுத் தோட்டம் என்று அவருக்குத் தெரியாது. என் முதுகில் தட்டிச் சொன்னார்: “மஞ்சி ரைத்தய்யா இவரு, நல்ல விவசாயி! இந்த மாதிரி ஆளை நீ அடிக்கடி நேர்ல போய்ப் பாக்கணும்.”

சொட்டு

பந்திப்பூ வேரில் புழுவை விரட்டுவது எது என்று கண்டுபிடிக்க ஆபீசர் கிளம்பினார். ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் வெள்ளைப் பொடியைக் கெட்டித்து, வேர்ச்சாற்றை மேலே ஊற்றி, பின்னாலேயே ஸ்பிரிட்டை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாற்றில் கலந்து கிடப்பதெல்லாம் மஞ்சள் ஒரு பட்டை, பழுப்பு ஒரு பட்டை என்று பிரிந்து இறங்கும். சொட்டுச் சொட்டாகத் தனித்தனிச் சீசாவில் பிடித்து, எந்தச் சீசாவில் புழு சாகிறது என்று பார்க்க வேண்டும். மேலே ஸ்பிரிட் வற்றினால் பொடியில் விரிசல் விழுந்துவிடும், பட்ட பாடெல்லாம் பாழ். இது முடிந்தால் உன் மாற்றல் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் ஆபீசர்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வருவதாகக் கன்னியம்மாவுக்கு எழுதியிருந்தேன். குழாய் விடவில்லை. காவடிக்காரர்கள் திருத்தணி ரயிலுக்குப் போகிற சத்தம் கேட்கக்கேட்க, நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வரவில்லை என்று எழுதவும் கை போகவில்லை. பியூன் முனிரத்தினம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, இது காஞ்சிடும்னு சோறுகூட துன்னாம ரெண்டு நாளா குந்திக்கினு கீறீங்க. ஊட்ல ஒருத்தி காத்துக்கினு இருப்பாளேன்னு தோணலியா?”

மறுபுறம்

வேலை நன்றாகவே முடிந்தது, அதுதான் வினை. குழாயை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. ‘இவரை விட்டால் வேலை நடக்காது’ என்று ஆபீசர் மனுவின் மேலே அழகாக எழுதிவிட்டார். கெட்டிக்காரன் என்று பெயரெடுத்து நான் கெட்டேன். அதற்குள் எல்லை முடிவாகி, திருத்தணி மதராஸ் பக்கம் போனது. மதராஸ் சர்க்கார் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆபீசரின் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு அதையும் திருப்பினார்கள். இனிமேல் அந்தப் பக்கத்து மண்ணை வாங்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

கன்னியம்மாவின் பொட்டலம் ஒன்று அப்படித் திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் விவசாயிகள் வரிசையில் பொட்டலத்தோடு கன்னியம்மாவே நிற்கிறாள். நைனாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள், சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டும். ஆபீசர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். ‘வேறு ராஜ்யத்து மண், வாங்குவதற்கில்லை, அங்குள்ள ஆபீசுக்கு அனுப்பவும்’ என்று எழுதி, என் பெண்டாட்டியிடம் சீட்டை நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்தாள். சீட்டை என் மேஜைமேலேயே திருப்பி வைத்தாள்.

“மண்ணு எங்க போவணும்னு எழுதிட்டீங்க. நான் எங்க போவணும்னும் அதுலயே ஒரு வரி எழுதிக் குடுங்க.”

ஊர்ப்பட்ட தோட்டத்துக்கெல்லாம் என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்த இந்தக் கைக்கு, அன்பர்களே, அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை.