மாணிக்கம் அண்ணனின் விரதம் முறியவில்லை

மாணிக்கம் அண்ணன் விரதத்தை முறிக்கவில்லை. முறித்துவிட்டார் என்று சொல்லி அவரைக் காவடி எடுக்கவிடாமல் தடுத்தது நம் கோயில் நிர்வாகம். அது அநியாயம். அவர் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. போன வாரம் வெளியூரிலிருந்த எனக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியில் அழைத்தவரே, "இருதயம் நின்னுபோச்சாம். வாயக் கட்டியிருந்தா இன்னும் இருந்திருப்பாருலா" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் தோட்டம் கைமாறி, லய வீடுகளை இடித்து, நாமெல்லாம் ஈப்போவை ஒட்டிய இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு அடுத்த வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டினார். கள், பீர் எதையும் தொட்டதில்லை.

காவடியைத் தடுத்த அந்தத் தைப்பூசத்துக்குப் பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் மட்டும் ஒரு பிடி சோறும் ரசமும் சாப்பிட்டார். தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொண்டார். கடுமையாக இருந்தால்தான் விரதம் என்பது நம்மவர் எண்ணம். பூசத்துக்கு முதல் நாள் காலையில் அவருடைய வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கியது. துண்டு பட்டால்கூடத் துடித்தார். கோயிலில் ஒருவர், "என்னண்ணே, விரதத்துக்குள்ள கோழி பூந்துருச்சா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கோயில் தலைவர் சிரிக்கவில்லை. "இது கவுட், மூட்டு வீக்கம். குடிக்கிறவனுக்கும் கறி திங்கிறவனுக்கும் வர்றது. சாமி காட்டிக் கொடுத்துருச்சு. நீங்க ஒதுங்கிக்கங்க" என்றார்.

நான்தான் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா தமிழர். படம் வரைந்து காட்டினார். கவுட்டுக்குக் காரணம் யூரிக் அமிலம்; அது சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. செல்கள் அழிந்து புதிதாகும்போது உடம்பே அதை உண்டாக்குகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது. அங்குள்ள செல்களின் சுவரில் இருக்கும் சில புரதங்கள் அமிலத்தைச் சிறுநீருக்குள் தள்ளும். வேறு சில, வடிந்ததை மறுபடி இரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். சில குடும்பங்களில் பிறவியிலேயே தள்ளுவது குறைவு, இழுப்பது அதிகம். தேங்கிய அமிலம் மூட்டில் ஊசி ஊசியாகப் படியும்.

"அப்போ என் கிட்னி கஞ்சன்லா, டாக்டர். போறதையும் புடிச்சு வச்சுக்குது" என்றார் அண்ணன், அத்தனை வலியிலும்.

"பட்டினி கிடந்தா இன்னும் கஞ்சத்தனம் பண்ணும், ஐயா. கொழுப்பு கரையுறப்ப வேற அமிலம் உண்டாகும். அந்த இழுக்குற புரதம் அத வெளிய விட்டுட்டு யூரிக் அமிலத்த உள்ள இழுத்துக்கும்."

விரதத்தை முறித்ததால் வந்த வீக்கமல்ல அது. அளவுக்கு மீறிக் காத்ததால் வந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எதையும் சும்மா நம்புகிறவனும் இல்லை. நூலகத்தில் அகராதியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர் சொன்னது சரிதான். தலைவரிடம் போய்ச் சொன்னேன். "சாமி விஷயத்துல கிட்னியக் கொண்டாராதீங்க" என்றார்.

அண்ணனுக்குக் கோபமே இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். மறுவருடம் தெலுக் இந்தானில் மகள் வீட்டில் தங்கி, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடும் இரண்டு வேளைச் சோற்றோடும் விரதமிருந்து, சித்ரா பௌர்ணமிக்குக் காவடி எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். வெறுங்காலோடு ஆடி முடித்து, அன்னதானப் பந்தலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

"முருகனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும்லா, விடு" என்றார். அவ்வளவு நிறைவான முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். விடு என்றதை மட்டும் கேட்கப் போவதில்லை.

ஏனென்றால், பாடையைத் தூக்கியபோது அவர் மகன் குமரன் நொண்டினான். கேட்டேன். "படியில வழுக்கிட்டேன், சித்தப்பா" என்றான். பெருவிரல் சிவந்து பளபளத்தது. அப்பாவைப் பேசிய ஊர் தன்னையும் பேசும் என்று மறைக்கிறான். மறைத்து வைத்தால் மூட்டோடு போகாது, சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

ஆகவே, பதினாறாம் நாள் காரியத்தில் தலைவர் மைக்கைப் பிடித்து, மாணிக்கம் விரதம் காத்தவர் என்று சொல்ல வேண்டும். அடுத்த பூசத்துக்குக் காப்புக் கட்டும்போது, மாத்திரையை நிறுத்தாதே, தண்ணீரைக் குறைக்காதே என்று பூசாரி ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். கோழிக் கதை சொல்லிச் சிரித்தவர்கள் அண்ணன் மனைவியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். குமரன் திங்கட்கிழமை கிளினிக்குக்கு வர வேண்டும். காலையில் அவன் வாசலில் நான் நிற்பேன். வரும்வரை நகர மாட்டேன்.