ஒத்தைப்படை அவளுக்கு, இரட்டைப்படை அவனுக்கு

ஓட்னிக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எழுநூறு பேர் இருக்கிற ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. பாதிரியாருக்குக் கொலைக்கதைதான் உயிர் என்பதும், ஐஸ் ஆலை முதலாளி காதல் கதை படித்து அழுவார் என்பதும் ஊரறிந்த சங்கதி. அதை எல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவளே ஓட்னிதான். தன்னைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

நீச்சல்குளத்துக் கல்லாவில் அவள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் ஸ்காப்தி, அங்கே கரைக்காவல். யாரும் மூழ்கிவிடாமல் பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரும் மூழ்கவில்லை. அதனால் எனக்கு ஊர்க்கதை கேட்க நிறைய நேரம்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் புத்தகம்தான் பரிசு; அதனால் நவம்பரில் புதுப் புத்தகங்களின் பட்டியல் எல்லா வீட்டுக்கும் வரும். குளத்துக்கு வரும் பிரதியை ஓட்னி காப்பி மேசையில் நூல் போட்டுக் கட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலும் தொங்கவிடுவாள். குளிக்க வருகிறவர்கள் தமக்கு வேண்டிய புத்தகத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்து, பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வெந்நீர்த் தொட்டியில் இருக்கும்போது பெண்டாட்டியோ மகனோ வந்து, காப்பி குடிக்கிற மாதிரி கமுக்கமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரே புத்தகத்தை ஒருத்தருக்கு இரண்டு பேர் வாங்கிவிடாமல் ஓட்னி பார்த்துக்கொள்வாள். "அப்பாவுக்குத் திமிங்கிலப் புத்தகமா? வேணாம், உன் தங்கச்சி வாங்கியாச்சு. நீ மலைப் புத்தகம் வாங்கு." எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும்.

அவள் மட்டும் ஒரு கோடும் போட்டதில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன், கெடில். படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர், என் எதிர்வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செவ்வாய்க்கிழமை ஓட்னிக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் அவர் குளிக்க வருவார்.

காரணம் பத்துப் புத்தகம். எங்கள் கரையில் தரைதட்டின, மூழ்கின படகுகளைப் பற்றிய வரிசை அது. அவர்களுடைய அப்பாவின் பொக்கிஷம். அப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை, அந்த வரிசை யாருக்கு என்று பேச்சு தடித்தது. நானும் அங்கே இருந்தேன். துக்க வீட்டுக்கு நான் கொண்டுபோன பெரிய கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. "சரி, ஒத்தைப்படை எனக்கு, ரெட்டைப்படை உனக்கு. ஆசை தீர்ந்துச்சா?" என்று ஓட்னி கத்தினாள். கோபத்தில் சொன்னதுதான். கெடில் அப்படியே ஐந்து புத்தகங்களை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொடுமை என்னவென்றால், அப்பாவின் படகு உடைந்த கதை ஏழாம் தொகுதியின் கடைசியில் தொடங்கி எட்டாம் தொகுதியில்தான் முடிகிறது. அச்சடித்த மகராசன் பக்கம் நிறைந்ததும் பாதியில் வெட்டிவிட்டான். அப்பா கடலில் விழுந்தது தங்கை வீட்டில், அவரைக் கரையேற்றியது அண்ணன் வீட்டில். இப்படியே ஒன்பது வருஷம்.

போன நவம்பர் பட்டியலில் அந்த வரிசையின் பதினோராம் தொகுதி வந்திருந்தது. பத்தாவதோடு முடிந்ததென்றே எல்லாரும் நினைத்திருந்தோம். அதற்கு நேரே ஒரு கோடு. பக்கத்தில் எழுத்து இல்லை. ஓட்னி தினமும் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துப் போடாத கோடு, கோடே போடாத ஆள், அதுவும் ஒத்தைப்படைத் தொகுதி. நான் பெரிய துப்பறிவாளனாகிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நேரே வெந்நீர்த் தொட்டிக்குப் போய், "ஓட்னிக்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்று சொன்னேன். கழுத்தளவு நீரில் இருந்த பத்துத் தலையும் திரும்பின.

யார் யாருக்கு என்ன வாங்குகிறார்கள் என்று ஓட்னியைக் கேட்டால் தெரியும். ஓட்னிக்கே வாங்கும்போது யாரைக் கேட்பது? இது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

டிசம்பர் இருபத்து மூன்று. ஊரெங்கும் அன்றைக்கென்றே புளிக்கவைத்த திருக்கை மீன் வேகிற நாற்றம். ஓட்னி கடைவீதிக்குப் போய்விட்டு, பனி ஒட்டின காலணியோடு உள்ளே வந்து கையுறையை மேசையில் எறிந்தாள்.

"பதினோராம் தொகுதி ஒண்ணுகூட இல்லையாம். சோல்போர்க் புத்தகக் கடையில ஒன்பது வந்துச்சாம், ஒன்பதும் போயிடுச்சாம். எந்த முட்டாள் வாங்கினான் அதை?"

ஒன்பதில் ஒன்று என் படுக்கைக்கு அடியில், அவள் பெயர் எழுதி, சிவப்புக் காகிதத்தில் இருந்தது.

"உனக்கு வேணும்னா யாராவது வாங்கியிருப்பாங்க. விடு" என்றேன்.

"எனக்கு எதுக்கு? எங்கண்ணனுக்கு."

"உங்கண்ணனுக்கா?"

பட்டியலை இழுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். "இந்தக் கோட்டைப் பாரு. தாள் கிழிஞ்சு அடுத்த பக்கம் வரைக்கும் போயிருக்கு. பென்சிலைக்கூட போல்ட் முறுக்குற மாதிரி பிடிக்கிற ஆள் இந்த ஊர்ல யாரு? ஓரத்துல கிரீஸ் கறை வேற. செவ்வாய்க்கிழமை வந்து போட்டிருக்கான்."

"பதினொண்ணு ஒத்தைப்படையாச்சே. அது உன் கணக்குல்ல?"

"அதான் ஒரு மாசமா யோசிக்கிறேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு வாங்கித் தரணும்னு அடையாளம் வச்சானா, தனக்கே வேணும்னு வச்சானா? தனக்குன்னா, யாரு வாங்கித் தருவான்னு நினைச்சு வச்சான்? அவனுக்கு வீட்ல யாரு இருக்கா? ஊரே புத்தகத்தைப் பிரிக்கிற அன்னிக்கு அவன் சும்மா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பான். நான் குடுத்தா வாங்குவானான்னும் தெரியல. இப்ப குடுக்கறதுக்கே இல்ல."

சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற எட்டுப் பேரின் பரிசையும் உடைத்த பாவம் எனக்கு எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். என் வாய் மூடவேண்டிய நேரத்தில் திறக்கும், திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸ் அன்று நண்பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் சாக்லேட் டப்பாவோடு கட்டிலில் படுத்து, முந்தின இரவு பிரித்த புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் கதவு தட்டப்பட்டது. ஓட்னி. கக்கத்தில் இரண்டு பொட்டலம்.

"ஒன்பது, ஸ்காப்தி. ஒவ்வொண்ணா பிரிக்கிறேன், ஒவ்வொண்ணும் பதினொண்ணு. நாலாவதுல சிரிச்சேன். ஏழாவதுல அழுதுட்டேன். இது யாரு வாய்?"

"என்னுதுதான்."

"தெரியும்." எதிர்வீட்டைப் பார்த்தாள். "நீயே குடுத்துட்டு வந்துடேன்."

"மாட்டேன். இதுல இதுக்கு மேலயும் நான் மூக்கை நுழைக்கணுமா?"

அவள் மேல் பொட்டலத்தைப் பிரித்து, அட்டையில் இருந்த மாற்றுச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பரிசாக வாங்கும் எல்லாப் புத்தகத்திலும் கடையில் அந்தச் சீட்டை ஒட்டித் தருவார்கள். பிடிக்கவில்லை என்றால் பண்டிகை முடிந்து கொண்டுபோய் வேறு வாங்கிக்கொள்ளலாம். சீட்டு இல்லாத புத்தகம் அவ்வளவுதான், வந்த இடத்திலேயே இருக்க வேண்டியது.

"இன்னொண்ணு என்ன?" என்றேன். கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"ஏழாம் தொகுதி" என்றாள்.

சன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். வெட்கமெல்லாம் அப்புறம். கெடில் கம்பளிக் காலுறையோடு கதவைத் திறந்தார். அவள் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாய் அசைந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. அவள் திரும்பி, வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள். எனக்கு அழுகை முட்டியது. அந்த மனுஷனைப் போய் உலுக்கலாம் போல ஆத்திரமும் வந்தது.

இருபத்தேழாம் தேதி ஓட்னி பதினோராம் தொகுதியில் ஒரு பிரதியைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சம் ஏழு பிரதிகளையும் சோல்போர்க் கடையில் மாற்றிக்கொண்டாள். கடைசியில் அவள் ரசனை தெரிந்துவிடும் என்று நான் கூடவே போனேன். தேனீ வளர்ப்பு, இரண்டு கொலை, ஒரு காதல், ரொட்டி சுடுவது, ஒரு பிஷப்பின் வாழ்க்கை, பாலைவனப் படங்கள். எங்கள் ஊரில் ஒரு தேனீகூடக் கிடையாது. "இதுல உனக்கு எது பிடிக்கும்?" என்றேன். "படிச்சாத்தானே தெரியும்" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் கல்லாவில் இருந்தாள். கதவு திறந்தது, குளிர் காற்றோடு கெடில் வந்தார். தோளில் துண்டு, கையில் பழைய நீல அட்டைப் புத்தகம். வியாழக்கிழமை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. காப்பி மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

அவர் எட்டாம் தொகுதியைக் கல்லா மேல் வைத்தார்.

"ஏழாம் தொகுதியை நேத்து முடிச்சேன்" என்றார். "அப்பா தண்ணிக்குள்ள போறதோட நிக்குது. இத்தனை வருஷம் நீ அதை மட்டும் வச்சுக்கிட்டா இருந்தே?"

ஓட்னி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடுற? சீட்டெல்லாம் இல்ல. மாத்த முடியாது."

"எவ மாத்தப் போறா?" என்றாள் ஓட்னி, துணி வைக்கிற அலமாரிச் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தபடி.