சம்மட்டி இல்லாத வாரம்

அந்த வாரம் முழுவதும் எங்கள் கொட்டகையில் சம்மட்டிச் சத்தமே கேட்கவில்லை. துறைமுகச் சாலையில் லாரிகள் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தன. மூலையில் கல் உருட்டும் டிரம்மும் தன்பாட்டுக்குக் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் காலை முதல் சாயங்காலம் வரை ணங் ணங்கென்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி பெரிய தொந்தரவாக இருந்தது. சம்மட்டியோ மதினியின் மேசைக்கு அடியில் சாக்கு சுற்றிக் கிடந்தது. அதற்குக் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் வாய்.

மதினி எனக்கு உறவில்லை. நான் பெரியதாழைக் கடற்கரையில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர்கள் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக் குடும்பம். சாலையோரம் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். அண்ணாச்சியின் மனைவி எங்களுக்கு மதினி ஆனார். கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையில் ஒரு தொழில் தொடங்கி, எங்கள் ஆறு பேருக்கு வேலை கொடுத்தவர் அவர். கல்லை உருட்டி மெருகேற்றி, மணியாகவும் சாவிக்கொத்தாகவும் கோத்துத் திருச்செந்தூர்க் கடைகளுக்கு அனுப்புவோம். உருட்டுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்லையும் தண்ணீரையும் சாணைப்பொடியையும் டிரம்மில் போட்டு மூடி மோட்டாரை ஓட விட்டால், கல்லோடு கல் உரசி, வாரக்கணக்கில் சுற்றி, வழவழவென்று வெளியே வரும். ஆனால் காங்கேயம் பக்கமிருந்து வரும் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல் ஒவ்வொன்றும் பூசணிக்காய்ப் பருமன் இருக்கும். அதை அப்படியே போட்டால் டிரம்தான் உடையும். நெல்லிக்காய் அளவிலும் புளியங்கொட்டை அளவிலும் கலந்து போட்டால்தான் ஒழுங்காக உருளும். ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் வேலை உடைப்பது.

வெங்கச்சங்கல் கண்ணாடி மாதிரி உடையும். தெறிக்கிற சில்லு எந்தப் பக்கம் போகும் என்று அடிக்கிறவளாலும் சொல்ல முடியாது. உடைப்பதற்கு மாற்றாளோடு சேர்த்து மூன்று பேர். கருங்கல் பலகையில் கல்லை வைத்து, ஒருத்தி உளியைப் பிடிக்க இன்னொருத்தி சம்மட்டியை ஓங்குவாள். இருவரும் முந்தானையை முகத்தில் சுற்றிக்கொள்வார்கள். ஆணியில் ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தொங்கியது. வேர்வையில் மங்கிப்போகிறது என்று அதை யாரும் தொடுவதில்லை. முன்கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது. மதினி டிஞ்சர் தடவுவார், திட்டுவார், ஈரச்சாக்கைப் போட்டு மூடி அடியுங்கள் என்பார். மூடினால் உளியின் தலை தெரிவதில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் இவர்கள் சாக்கைத் தள்ளிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். ஏதோ இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் நாள் ஓடியது.

எனக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. சின்ன வயதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் உடைமரத்து முள் குத்திப் போய்விட்டது. அதற்காக உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. ஆனால் கண் போனதைவிட அதன்பிறகு மற்றவர்கள் காட்டும் கரிசனம் இருக்கிறதே, அதுதான் ஆளைப் படுத்தும். கல்யாண வீட்டில் குழம்பு வாளியைக் கையில் தரமாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது முழங்கையைப் பிடிப்பார்கள். கொட்டகையிலும் அதே கதைதான். உடைத்து வந்த துண்டுகளில் விரிசல் விட்டதைப் பார்த்து ஒதுக்கும் வேலை எனக்கு. விரிசல் கல் டிரம்முக்குள் உடைந்தால் அதன் கூர்முனை மற்ற கல்லையெல்லாம் கீறிவிடும். ரெண்டு கண் உள்ளவர்கள் இத்தனை பேர் இருக்க, பார்வை வேண்டிய வேலையை ஒற்றைக் கண்காரியிடம் கொடுத்திருக்கிறார்களே என்று சொல்லி நானே சிரிப்பேன். சிரித்தாலும் மனசெல்லாம் உடைக்கிற இடத்தில்தான். ஒரு கல் பிளந்ததும் அதன் உள்ளே இருக்கிற பால்வெள்ளையை இந்த உலகத்தில் முதன்முதலாகப் பார்ப்பவள் அதை உடைத்தவள்தான். எனக்கு வந்து சேரும்போது அது நாலு பேர் பார்த்துக் கைமாறிய கல்லாகிவிடும். எனக்கு அந்த முதல் பார்வை வேண்டும் என்று அத்தனை ஆசை.

கந்த சஷ்டி நெருங்கிக்கொண்டிருந்தது. திருச்செந்தூர்க் கடைகளில் நிறையக் கேட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து உடைக்கிறவர்களில் ஒருத்தி புருஷனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். நான் மதினியிடம் போய், அந்த இடத்தில் என்னைப் போடுங்கள் என்று கேட்டேன். அவர் மணிச்சரங்களை எண்ணிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“ஏளா, ஒனக்கு இருக்கதே ஒண்ணு. அதுவும் போச்சுன்னா ஒம் புள்ள மொகத்த எப்பிடிப் பாப்ப?”

எல்லோர் முன்னாலும் சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் எனக்கு நாக்கு மனசைக் கேட்காது.

“அப்பம் இவளுவளுக்கு ஒண்ணு போனாப் பரவாயில்லையா மதினி? உபரியா ஒண்ணு வச்சிருக்காளுவன்னு நெனச்சியளோ?”

மதினி ஒன்றுக்கு ஒன்பது திருப்பிச் சொல்லக்கூடியவர். லாரி டிரைவர்களே அவரிடம் பேச்சுக் கொடுக்க யோசிப்பார்கள். அன்று அவர் மணிச்சரத்தைக் கீழே வைத்தார். எழுந்து, உளி பிடிக்கிறவள் முன்னால் போய் நின்று அவள் கண்ணைப் பார்த்தார். சம்மட்டிக்காரி கண்ணையும் பார்த்தார். பிறகு கடைக்குள் போனவர் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் வந்தால் சம்மட்டி சாக்குக்குள் இருந்தது.

“இனி இங்கன சம்மட்டி கெடையாது. வேற வழி பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவர உள்ளதக் கோத்துட்டு இருங்க” என்றார்.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “சஷ்டி நேரத்துல ஒன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா? எல்லாரு பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டியே” என்று சம்மட்டிக்காரி நேராகவே கேட்டுவிட்டாள். தினமும் என்னோடு மீன்குழம்பைப் பகிர்ந்துகொண்டவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் கேட்டது சம்மட்டி, நடந்ததோ யாருக்கும் சம்மட்டி இல்லை என்று. எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. மதினி வேண்டுமென்றே இப்படிச் செய்து, மற்றவர்களை வைத்து என்னை விரட்டப் பார்க்கிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

ஒருநாள் மதியம் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர்ச் செம்பை எடுக்க நான் மட்டும் கொட்டகைக்குள் திரும்பிப் போனேன். மதினி ஒரு கைக்குட்டையால் தன் இடது கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மரக்கட்டையில் ஓர் ஆணியை நிறுத்திச் சின்னச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பாதி அடி ஆணியில் விழவில்லை. கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தும் கண்கட்டை அவிழ்க்கவில்லை.

“எம்புட்டுத் தூரத்துல இருக்குன்னே தெரியமாட்டேங்குதுளா. நீ எப்பிடி ஊசில நூல் கோக்க?”

“மொதல்ல வெரலால தொட்டுப் பாத்துக்கிடுவேன் மதினி. பழகிப்போச்சு.”

“சம்மட்டி தொட்டுப் பாக்காதுல்லா” என்று சொல்லிவிட்டு ஆணியைப் பிடுங்கி எடுத்தார். “ஓங்கி அடிக்கதுதாம் தப்பு. ஓங்காம ஒடைக்கணும்.”

என் கண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள் ஏராளம். வலிக்குமா, கனவு தெரியுமா என்றெல்லாம் கேட்டவர்களும் உண்டு. என் கண் எப்படிப் பார்க்கிறது என்று தன் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தவர் அதுவரை யாருமில்லை, என்னைப் பெற்றவள் உட்பட. தண்ணீர்ச் செம்பை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். அழுகை வந்தது. அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கோபமும் வந்தது.

வழி அண்ணாச்சியின் கடையிலேயே இருந்தது. லாரியைத் தூக்குகிற ஜாக்கி. அவ்வளவு பெரிய வண்டியைச் சத்தமில்லாமல் தூக்குகிற சாமான் ஒரு கல்லைப் பிளக்காதா என்று மதினிக்குத் தோன்றியிருக்கிறது. “டயரு பஞ்சராயி லாரிக்காரன் நிக்கான், இவ ஜாக்கிய வச்சு வெங்கச்சங்கல்லத் தூக்கப் போறாளாம்” என்று அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஜாக்கியை ஸ்கூட்டரில் வைத்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். கனமான இரும்புச் சட்டத்தில் மேலே ஓர் உளி கீழ்நோக்கி. கீழே ஜாக்கியின் தலையில் இன்னோர் உளி மேல்நோக்கி. நடுவில் கல். கைப்பிடியை அழுத்த அழுத்த இரண்டு முனைகளும் கல்லை நெருக்கும். தாங்க முடியாத இடத்தில் கல் தானாகப் பிளக்கும். முதல் தடவை முனை வழுக்கிக் கல் வெளியே துள்ளியது. மதினி மறுபடியும் பட்டறைக்குப் போய், சுற்றிலும் இரும்புத் தகடு அடித்து, முன்பக்கம் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைத் திரைபோலத் தொங்கவிட்டார். கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி, அழுத்துகிறவள் ஒதுங்கி நிற்கும்படி செய்தார். தூசி பறக்காமல் இருக்கக் கல்லை முன்னாலேயே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஜாக்கியைத் தளர்த்தாமல் உள்ளே கை போகக் கூடாது. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வந்தது. மூக்குக்கு மாஸ்க்கும் வந்தது. உடைக்கிறவள் மட்டுமல்ல, கொட்டகைக்குள் நிற்கிற எல்லோரும் போட வேண்டும் என்றார். அண்ணாச்சி டீ கொண்டுவந்தாலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கொண்டுவந்தார்.

சஷ்டிக்குக் கேட்டதில் பாதிகூட எங்களால் கொடுக்க முடியவில்லை. திருச்செந்தூர்க் கடைக்காரர் ஒருவர் அதற்குப் பிறகு எங்களிடம் வாங்கவே இல்லை. அதை மதினி ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது அவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கொட்டகையை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். வீடியோவில் கூப்பிட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், “கண்ணாடி போட்டிருக்காளுவளா? போனத் திருப்பு” என்பார். புதிதாக வருகிற பெண்கள், இங்கே யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே, எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்கிறார்கள். ஆனதில்லைதான். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவரை யார் நினைத்துக்கொள்கிறார்கள்? நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் செய்த இயந்திரத்தைவிட எனக்கு மலைப்பாக இருப்பது வேறொன்று. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருத்தி, நாலு பேர் முன்னால், முகத்தில் அடித்த மாதிரிச் சொன்ன சொல்லை அவர் ரோஷப்படாமல் எடுத்துப்போய் யோசித்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டாரே. அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு அந்த மனசு இன்னும் வரவில்லை.

ஜாக்கி தயாரான அன்று யாரும் முன்னால் வரவில்லை. கல் துள்ளியதைப் பார்த்த பயம். மதினி எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கேட்டவ வரட்டும்” என்றார். அத்தனை வாய் பேசிய எனக்கு, இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ற பயம் அந்த நிமிஷம்தான் முதன்முதலாக வந்தது. கண்ணாடியை இறுக்கி மாட்டி, ஊறிய கல்லைத் தூக்கி முனைகளுக்கு நடுவில் நிறுத்தி, ரப்பரை இறக்கிவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் எப்போதும் என் வலப்பக்கம்தான் வந்து நிற்பார்கள். மதினி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

“அங்கன நின்னா ஒங்கள எனக்குத் தெரியாதே மதினி.”

“எனக்கு நீ தெரியுதல்லா. நீ கல்லப் பாரு.”

அழுத்தினேன். ரப்பருக்கு உள்ளே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜாக்கியைத் தளர்த்தி, ரப்பரைத் தூக்கினேன். கல் இரண்டாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே பால்வெள்ளையில் மெல்லிய செவ்வரி ஒன்று ஓடியது. நான் பார்த்து முடிக்கும்வரை யாரும் கிட்டே வரவில்லை. அதன்பிறகுதான் எல்லோரும் கல்லைச் சுற்றிக் குனிந்தார்கள். மதினி மட்டும் குனியவே இல்லையாம். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். நான் அதைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.