காந்தம் ஒட்டியதாக நான் சொன்ன கார்

எங்கள் தெருவில் யாராவது காரை எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்தால் முதலில் என் அப்பாவிடம்தான் யோசனை கேட்பார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒடுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, குரோம்பேட்டையில் ஒருவரையும் பல்லாவரத்தில் ஒருவரையும் சொல்வார். கடைசியில் மறக்காமல், "எங்க வேணா குடுங்க சார், இரும்புலியூர்ல ஷெட் வெச்சிருந்த அந்த ஆள்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்பார். இருபது வருடமாக இதைச் சொல்கிறார். இருபது வருடமாக நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். அந்த ஆள் செய்ததாக அப்பா நம்பும் காரியத்தைச் செய்தது நான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. தாம்பரத்தில் வீடு, அப்பாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆளுக்கு ஒரு பைத்தியம் இருக்கும். அப்பாவுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் ஐரோப்பாக்காரன் செய்தது. இளவட்டமாக இருந்தபோது சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்கப் போனவர், அங்கே கூரையில்லாத ஒரு இங்கிலீஷ் காரைப் பார்த்துவிட்டு வந்தார். கல்யாணம், வீடு, நான் என்று எல்லாம் வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த மாதிரி ஒன்றை ஓடாத நிலையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு கார். நான் எதுல வர்றது, டிக்கியிலயா?" என்று அம்மா கேட்டாள்.

அந்தக் காருக்காக இரண்டு வருடம் படித்தார். ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்து வந்து, முக்கியமானதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதியதை எங்களுக்குப் பாடம் எடுப்பார். அம்மா அடுப்பைச் சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவாள், நான் மாட்டிக்கொள்வேன். அதனால் ஒன்பது வயதிலேயே எனக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. என்ஜின் கெட்டால் பிரித்து மாட்டிவிடலாம். தகரம் துருப்பிடித்துப் போயிருந்தால் அந்தக் காரைத் தொடவே கூடாது. கூரையில்லாத காருக்கு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிதான் முதுகெலும்பு. அது அரித்துப்போயிருந்தால் ஓட்டையைப் பட்டி பூசி மறைத்து, மேலே பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாமல் விழுந்துவிடும்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். இரும்புலியூரில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தார். எங்கள் ஸ்கூட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். சனிக்கிழமை ஆனால் அப்பா அந்த ஷெட்டில்தான் கிடப்பார். நானும் கூடப் போவேன். எனக்கு அவர் டிங்கர் அண்ணா. போனவுடன் டீக்கடையிலிருந்து கிரீம் பன் வரவழைத்துத் தருவார். அவர் பெயரை இங்கே எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

கார் இருக்கும் செய்தியைக் கொண்டு வந்ததும் அவர்தான். "சார், கீழ்க்கட்டளைல ஒரு வூட்ல நீங்க கேட்ட வண்டி கீது. ஒண்ணு இல்ல சார், ரெண்டு" என்றார். அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் வயல், இப்போது வாடகை வீடுகள். கார் சேர்த்து வைத்த பெரியவர் போய்விட்டார். பிள்ளைகள் கார் நிற்கும் ஷெட்டை இடித்து பிளாட் கட்டப் போகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா, டிங்கர் அண்ணா, நான் மூவரும் போனோம். கோழி அடைந்திருந்த ஷெட்டில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று பச்சை, வெளுத்து, தூசி படிந்து, என்ஜின் இறுகிப்போய், எங்கள் குளியலறை வாளியின் நிறத்தில் இருந்தது. மற்றொன்று சிவப்பு. புதுப் பெயிண்ட். சாவியைத் திருப்பியதும் ஒரு இருமலுக்குப் பிறகு ஓடவும் செய்தது. நான் ஏற்கெனவே பள்ளி வேனில் எல்லோரிடமும் எங்கள் வீட்டுக்குச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வருகிறது என்று சொல்லிவிட்டிருந்தேன். காரையே பார்க்காமல் எப்படிச் சிவப்பு என்று சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்புதான் என்பது அந்த வேனில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் முதலில் என் கை பட வேண்டும். பெண் குழந்தை மகாலட்சுமி என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. நான் தொட்டு வாங்கிய பிரிட்ஜ் அதுவரை ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. அந்தப் பெருமை முழுவதும் என் கணக்கில்தான் சேர்ந்திருந்தது. அதோடு நாலரைக்கு ராகு காலம் வேறு. அதற்குள் முன்பணத்தை என் கையால் கொடுத்துவிட வேண்டும். சாயந்திரம் இன்னொருவர் பார்க்க வருகிறார் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மணி நாலைத் தாண்டியிருந்தது. இரண்டு வருடம் நோட்டுப் போட்டுப் படித்த மனிதர், இருபது நிமிடத்தில் கார் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்பா வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சிவப்புக் காரின் என்ஜினை அவர் பார்க்க, டிங்கர் அண்ணா டார்ச்சோடு பச்சைக் காருக்கு அடியில் நுழைந்தார். பிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து வந்திருந்த தக்காளி வடிவக் காந்தத்தை அப்பா என்னிடம் கொடுத்து, சிவப்புக் காரைச் சுற்றி ஒட்டிப் பார்க்கச் சொன்னார். கதவில் ஒட்டியது. டிக்கியில் ஒட்டியது. இடது கதவுக்குக் கீழே வைத்துக் கையை எடுத்தேன்; தக்காளி தரையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன். விழுந்தது. பின் சக்கரம் வரை விழுந்துகொண்டே வந்தது.

"என்னம்மா, ஒட்டுதா?" என்று பானெட்டுக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

காந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எல்லா இடத்துலயும் ஒட்டுதுப்பா" என்றேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். தக்காளி சிவப்புப் பெயிண்டில் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து வெளியே வந்த டிங்கர் அண்ணா முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "பச்சைல அடித் தகரம் கல்லு மாதிரி கீது சார். சிவப்பையும் நாளைக்குத் தூக்கி நிறுத்திப் பாத்துட்டு அட்வான்ஸ் தரலாமே" என்றார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் பாப்பா பாத்துட்டாளே" என்று வெற்றிலை பாக்கோடு பணத்தை என் கையில் வைத்தார். வீட்டுக்காரரிடம் நான் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கார் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டது. நான் அப்பாவின் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா அர்ச்சனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்தாள். பூஜை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். சேலையூர் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது என் காலுக்கு அடியில் மளுக்கென்று ஒரு சத்தம். கார் நடுவில் தொய்ந்துவிட்டது. என் பக்கக் கதவு திறக்கவில்லை. அப்பா என்னைக் கதவுக்கு மேலாகத் தூக்கி வெளியே விட்டார். ஒரு முழ நீளத்துக்குப் பட்டி பெயர்ந்து சாலையில் கிடந்தது. பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறி மாவாக்கிவிட்டுப் போனது. ஓட்டைக்குள் அப்பா கையை விட்டார். நனைந்த சாக்கும் பழைய நாளிதழும்தான் வந்தன. ஒரு தாளில் மணமகள் தேவை விளம்பரம்கூடப் படிக்கிற மாதிரி இருந்தது.

அப்பா சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீ பாத்தப்போ ஒட்டிச்சில்லம்மா?" என்றார். நான் "ம்" என்றேன்.

அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் பொய் சொல்ல மாட்டாள் என்பதிலிருந்து அவர் யோசனை தொடங்கியது. காந்தம் ஒட்டியிருக்கிறது, உள்ளே தகரம் இல்லை. அப்படியானால் காந்தம் ஒட்டுவதற்காகப் பட்டியில் இரும்புத் தூளைக் கலந்திருக்கிறார்கள். அந்த வித்தை டிங்கர் வேலை தெரிந்தவனுக்குத்தான் வரும். கார் இருக்கும் செய்தியைக் கொண்டு வந்தது யார்? மிச்சமிருந்த பட்டியில் ஒருமுறை காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அப்பா வைக்கவில்லை. மகள் சொன்ன பிறகு சோதிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருவேளை வைத்துவிடுவாரோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவிலிருந்த தக்காளியைப் பக்கத்துக் காலி மனையில் கருவேலம் புதருக்குள் எறிந்துவிட்டு வந்தேன். அந்த வயதுக்கு நல்ல சாமர்த்தியம்தான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா காலனி முழுக்கச் சொன்னார். எங்கள் காலனி வண்டிகளை நம்பித்தான் அந்த ஷெட் ஓடியது, ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு வருடத்தில் ஷெட்டில் ஒரு தண்ணீர் கேன் கடை வந்துவிட்டது. டிங்கர் அண்ணா வேறு யாருடைய ஒர்க்‌ஷாப்பிலோ கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். அப்பாவும் அதன் பிறகு ஒரு சிநேகிதரைத் தேடிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே அந்தக் காரோடு மல்லுக்கட்டினார். இன்னும் அது தார்ப்பாயின் கீழ்தான் நிற்கிறது.

கார் உடைந்த மறுநாள் காலை டிங்கர் அண்ணாவை அப்பா வரச் சொன்னார். மொபெட்டில் வந்து இறங்கியவரை உள்ளேகூட அழைக்கவில்லை. கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிட்டார். நான் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவ்ளோ கமிஷன் குடுத்தான் அந்தக் கீழ்க்கட்டளைக்காரன்?"

"இன்னா சார் பேசறீங்க? கமிஷனா?"

"பட்டில இரும்புத் தூள் கலந்திருக்கு. என் பொண்ணு ஒவ்வொரு எடமா வெச்சுப் பாத்தா. எல்லா எடத்துலயும் ஒட்டிச்சு. இது உங்க ஆளுங்க வேலை இல்லன்னா வேற யாரு வேலை?"

"இரும்புத் தூளா?" என்று டிங்கர் அண்ணா சிரித்தார். குந்தி உட்கார்ந்து, உடைந்த விளிம்பை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். கழன்று விழும் திருகாணிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தக் குச்சி. ஷெட்டில் அதை வைத்து நான் எத்தனையோ முறை விளையாடியிருக்கிறேன். அதைப் பட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போனவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நெடுநேரம் பார்த்தார். "என்ன, பதில் வரலையா?" என்று அப்பா கத்தினார். டிங்கர் அண்ணா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிரில்லில் இருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

காந்தக் குச்சி மறுபடி பைக்குள் போனது. அவர் எழுந்தார்.

"கமிஷன்லாம் வாங்கல சார். நான்தான் சரியா பாக்காம வுட்டுட்டேன். தப்பு என் மேலதான். கூலி வேணாம், புதுத் தகரம் வெச்சு நானே கட்டிக் குடுத்துடறேன்."

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றார் அப்பா.

மொபெட்டை உதைத்துக் கிளப்பியவர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, அந்த ஒடஞ்ச கதவாண்ட போவாத. தகரம் கைய கிழிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குப் பெரிய நிம்மதி. அன்று ராத்திரி நாலு தோசை சாப்பிட்டேன். செய்யாத தப்பை ஒருவர் தானாகவே ஒத்துக்கொண்டாரே, இவ்வளவு மக்காக இருக்கிறாரே என்றுகூட நினைத்தேன். என்னை அவ்வளவு நேரம் அவர் பார்த்தது, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தது என்றுதான் நினைத்தேன். நானே வாயைத் திறந்து சொல்லிவிடுவேன் என்று அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.